காய்ந்த விதைதான் காத்திருக்கும்: வாசகர் கேள்வி பதில்

ஆடிப்பட்டம் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: ஆசையாக எடுத்து வைத்த விதை முளைக்கவில்லை. அதனால் இந்த முறை உரம், பூச்சி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு விதையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அக்கா, தை மாதம் மாடியில் காய்த்த கத்தரி, வெண்டை, மிளகாய் விதைகளை எடுத்துக் காயவைத்து, பேப்பரில் மடித்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்க மூடி வைத்தேன். ஆடியில் போட்டால் மிளகாய் ஒன்றுகூட வரவில்லை, கத்தரி நாலைந்துதான். காற்றுப் புகாமல்தானே வைத்தேன்?
– வாசகி, திருவொற்றியூர்

எத்தனை நாள் காயவைத்தீர்கள், ராத்திரியில் விதைத் தட்டு எங்கே இருந்தது என்று எழுதவில்லை. ஆனாலும் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது. கடலோரக் காற்று ராத்திரியில் ஈரமாக இருக்கும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த விதையைச் சாயங்காலம் திறந்த தட்டிலேயே விட்டால், விட்ட ஈரத்தில் பெரும்பகுதியை விடிவதற்குள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கைக்குக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. அந்த ஈரத்தோடு டப்பாவை மூடினால் அதையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாகத்தான் ஆகும்.

விதைக்கு உயிர் இருக்கிறது, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஈரமும் சூடும் கூடக் கூட அந்த மூச்சு வேகமாகி, முளைப்பதற்கென்று சேர்த்து வைத்த சத்து டப்பாவுக்குள்ளேயே தீர்ந்துபோகும், பூஞ்சணமும் பிடிக்கும். ஹாரிங்டன் என்ற விதை ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு கணக்குச் சொல்லி வைத்திருக்கிறார். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரண்டு மடங்காகும். தோராயக் கணக்குதான், ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரை இருக்கும்போதுதான் பொருந்தும். இருந்தாலும் போட்டுப் பாருங்கள்: 12 சதவீதத்தில் இருக்கும் விதையை 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஆயுள் 16 மடங்கு! எந்த டப்பாவாலும் இதைச் செய்ய முடியாது. அரசு விதைச் சான்றளிப்புத் தரத்திலும் மிளகாய், தக்காளி, கத்தரி விதைக்குச் சாதாரணப் பையில் அதிகபட்ச ஈரப்பதம் 8 சதவீதம், ஈரம் புகாத உறையில் அடைத்தால் 6 சதவீதம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். மூடி இறுக்கமாக இருந்தால் விதை இன்னும் காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே போன ஈரத்துக்கு அப்புறம் வெளியேற வழி கிடையாது.

இனி என்ன செய்வது? விதையைக் காலை 8 மணியிலிருந்து 11, 12 மணி வரை வெயிலில் போடுங்கள். உச்சி வெயில் வேண்டாம். சித்திரையில் மாடித் தளம் கால் வைக்க முடியாமல் கொதிக்கும்போது அதன்மேல் கிடக்கும் விதையின் கரு வெந்துபோகும். தளத்தின்மேல் நேரடியாகப் போடாமல் முறத்திலோ துணியிலோ பரப்பி, ஒரு ஸ்டூல்மேல் வையுங்கள். வெயில் தாழ்ந்ததும் அள்ளி, ஆறவிட்டு, மூடி போட்ட பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், கடலோரத்தில் விதை கெடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

கடலோரத்தில் வெயில் மட்டும் போதாது, ஈரம் உறிஞ்சும் பொருள் ஒன்று கூட வேண்டும். சிலிக்கா ஜெல் மணிகள் கிடைத்தால் விதையின் எடைக்குச் சமமாக எடுத்து, துணி முடிச்சாகக் கட்டி, கண்ணாடி பாட்டிலில் விதையோடு ஒரு வாரம் மூடி வையுங்கள். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு மணியை வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். சிலிக்கா கிடைக்காவிட்டால் அரிசி. வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்து, மூடி போட்டபடியே ஆறவைத்து, விதையைப் போல இரண்டு பங்கு எடுத்து அதே மாதிரி முடிச்சாகக் கட்டி, இரண்டு வாரம் வையுங்கள். வறுக்காத அரிசியில் அதற்கே ஈரம் இருக்கிறது, அது விதையிலிருந்து எதையும் எடுக்காது.

அப்புறம் அந்த எவர்சில்வர் டப்பா. அழுத்தி மூடுகிற மூடி காற்றை முழுக்கத் தடுக்காது, ஐப்பசி மழையில் உள்ளே இருக்கும் அப்பளம் நமுத்துப்போவதே அதற்குச் சாட்சி. ரப்பர் வளையமோ திருகு மூடியோ உள்ள கண்ணாடி பாட்டிலுக்கு மாறுங்கள்.

விதை போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்று மெஷின் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கும்பகோணம்

பூசணி, சுரை, வெள்ளரி விதையை இரண்டு விரலால் வளையுங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் சரி, வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம். அவரை, காராமணியைக் கடித்துப் பார்த்தால் பல் பதியக்கூடாது. பொடி விதைகளுக்கு உப்புச் சோதனை இருக்கிறது. நன்றாக வறுத்து ஆறவைத்த தூள் உப்பை உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் விதையோடு போட்டுக் குலுக்கி, கால்மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதையைத் திரும்ப வெயிலுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஒட்டாவிட்டால் ஓரளவு காய்ந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். வருஷக்கணக்கில் வைக்க அதற்குமேல் சிலிக்காவோ வறுத்த அரிசியோ வேண்டும்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? ஃப்ரீசரில்?
– வாசகி, சேலம்

ஃப்ரிட்ஜில் தாராளமாக. நன்றாகக் காய்ந்து, இறுக மூடிய பாட்டிலில் இருந்தால் அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. ஃப்ரீசர் வேண்டுமானால் விதை இன்னும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் மிச்சமிருந்தால் அது உறைந்து விதையின் உள்ளே கிழித்துவிடும். எதில் வைத்தாலும் வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். பாட்டில் அறையின் சூட்டுக்கு வரும்வரை, அதாவது ராத்திரி எடுத்தால் காலைவரை, மூடியபடியே இருக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த விதைமேல் முத்து முத்தாகப் படியும், அத்தனை நாள் காயவைத்தது வீண். ஒரே பெரிய பாட்டிலாக வைத்து அடிக்கடி திறக்காமல், ஒவ்வொரு பட்டத்துக்கும் தேவையானதைத் தனித்தனிச் சின்ன பாட்டிலாக வைத்தால் இந்தத் தொல்லை இருக்காது.

நாட்டுத் தக்காளி விதையை எடுத்துக் கழுவினால் வழவழப்பு போகவே மாட்டேன் என்கிறது. சாம்பலில் புரட்டிக் காயவைக்கலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

சாம்பலில் புரட்டலாம், காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் அந்த வழவழப்பு முளைப்பைத் தடுக்கிற ஒரு உறை. பழத்துக்குள் இருக்கும்போதே விதை முளைத்துவிடாமல் இருக்கத்தான் செடி அதைப் போர்த்தி வைத்திருக்கிறது. புளிக்கவிட்டால் உறை தானாகக் கரைந்துபோகும். நன்றாகப் பழுத்து, கை பட்டால் அமுங்குகிற பழத்தைப் பிழிந்து, சாறோடு ஒரு கண்ணாடி டம்ளரில் விடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். நம் வெயிலுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மேலே வெள்ளையாக ஒரு ஆடை கட்டும், புளித்த வாடை வரும். அப்போது தண்ணீர் விட்டுக் கலக்கினால் நல்ல விதை அடியில் நிற்கும், சக்கையும் பொக்கும் மிதக்கும். மிதப்பதைச் சாய்த்து ஊற்றிவிட்டு, இரண்டு மூன்று முறை அலசி, பீங்கான் தட்டில் பரப்பிக் காயவிடுங்கள். டிஷ்யூ பேப்பரில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்க வராது. காயும்போது விரலால் கலைத்துக்கொண்டே இருந்தால் உதிரி உதிரியாக, மெல்லிய ரோமம் படர்ந்த மாதிரி இருக்கும். அதுதான் பக்குவம். இரண்டு நாளுக்கு மேல் மறந்துவிட்டால் டம்ளரிலேயே முளைவிட ஆரம்பித்துவிடும், கவனம்.

வெள்ளரிக்கும் இதே முறைதான். ஆனால் காய் கொடியிலேயே மஞ்சளாகிப் பெருக்க வேண்டும், பறித்த பிறகும் ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

ஒரே பந்தலில் சுரை, பாகல், பீர்க்கன், புடலை விட்டிருக்கிறேன். பாகல் பூவோடு கலந்து சுரைக்காய் கசந்துவிடும் என்கிறார் மாமியார். விதை எடுக்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பாகலும் சுரையும் ஒன்றோடொன்று சேராது, வேறு வேறு இனம். உங்கள் பந்தலில் இருக்கும் நாலும் அப்படித்தான். ஆனால் ஒரே இனத்துக்குள் கலக்கும். நீட்டுச் சுரையும் குண்டுச் சுரையும் அக்கம்பக்கத்தில் இருந்தால் கலக்கும், வேலியோரத்தில் தானாக வளரும் கசப்புச் சுரையான பேய்ச்சுரையும் உங்கள் சுரையோடு கலக்கும். அத்தைக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால் பெரும்பாலும் இந்தப் பேய்ச்சுரையால்தான் இருக்கும், அது நியாயமான பயம். இந்த வருஷக் காய் நன்றாகவே இருக்கும், அதன் விதையில் வரும் அடுத்த வருஷக் காய்தான் கசக்கும். கசந்த சுரைக்காயைத் தயவுசெய்து சமைக்காதீர்கள், சாறும் குடிக்காதீர்கள். அந்தக் கசப்பு உண்மையான நஞ்சு, அதைக் குடித்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். அந்தக் கொடியில் விதையும் எடுக்க வேண்டாம்.

வணிக முறையில் கொடிக்காய் விதை எடுப்பவர்கள் ரகத்துக்கு ரகம் குறைந்தது 500 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சான்றுத் தரம். மாடியில் அதற்கு ஏது இடம்? நாமே மகரந்தம் தொட்டு வைக்க வேண்டியதுதான். சுரை, பீர்க்கன், புடலைப் பூக்கள் சாயங்காலத்துக்கு மேல் விரிகிறவை. பாகல், பூசணி, வெள்ளரி காலையில் விரிகிறவை. நாளை விரியப் போகும் மொட்டு எதுவென்று இரண்டு மூன்று நாள் பார்த்தாலே கண்ணுக்குப் பழகிவிடும். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ, வெறும் காம்பு மட்டும் என்றால் ஆண் பூ. விரிவதற்கு முன்பே இரண்டையும் நுனியில் நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். விரியும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் சூலக முடியில் தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டுங்கள். காம்பில் ஒரு சிவப்பு நூல். அதுதான் உங்கள் விதைக்காய், யாரும் பறிக்கக்கூடாது. சுரை கொடியிலேயே காய்ந்து, ஓடு கெட்டிப்பட்டு, குலுக்கினால் உள்ளே கடகடக்க வேண்டும்.

இந்த இடத்தில் எல்லோருக்குமாக ஒன்று சொல்ல வேண்டும். முதலில் வருகிற திரட்சியான காய்களைச் சமைத்துவிட்டு, கொடி ஓய்ந்த பிறகு கடைசியாகத் தொங்குகிற சூம்பிய காயை விதைக்கு விடுகிறோம். எனக்கு இதைப் பார்த்தால் மனசு பொறுக்காது. நோயில்லாத, நன்றாகக் காய்க்கிற கொடியில் இரண்டாவது மூன்றாவது காயை விதைக்கு விடுங்கள். முடிந்தால் ஒரே செடியில் எடுக்காமல் நாலைந்து செடிகளில் எடுத்துக் கலந்து வையுங்கள்.

கடையில் வாங்கிய எஃப்1 தக்காளியிலிருந்து விதை எடுத்தால் முளைக்காது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஓசூர்

முளைக்கும். ஆனால் தாயைப் போல இருக்காது. இரண்டு வேறு ரகங்களைக் கூட்டி உண்டாக்கிய முதல் தலைமுறை அது. அடுத்த தலைமுறையில் அந்தக் கலவை பிரிந்து, ஒரு செடியில் பெரிய காய், இன்னொன்றில் பொடிக்காய், ஒன்று நோய் தாங்கும், ஒன்று தாங்காது என்று ஆளுக்கொரு மாதிரி வரும். சேமிக்க வேண்டும் என்றால் நாட்டு ரகத்தில் அல்லது வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட, கலப்பினம் அல்லாத ரகத்தில் ஆரம்பியுங்கள்.

எவ்வளவு காயவைத்தாலும் காராமணியும் அவரையும் இரண்டு மாதத்தில் வண்டு துளைத்துவிடுகின்றன. எங்கள் பாட்டி எதுவுமே செய்யாமல் பரணில் போட்டு வைப்பார்கள்.
– வாசகர், விளாத்திகுளம்

உங்கள் பாட்டி ஒன்றும் செய்யாமல் இல்லை. பரணுக்குக் கீழே விறகடுப்பு எரிந்திருக்கும்! தினமும் சூடும் புகையும் ஏறும் இடத்தில் ஈரமும் நிற்காது, பூச்சியும் நிற்காது. இப்போது அதே சமையலறையில் கேஸ் அடுப்பு, சோறு கொதிக்கிற ஆவியும் இட்லி வேகிற ஆவியும் நேராக மேல் அலமாரிக்குத்தான் போகின்றன. பாட்டி வைத்த இடம் என்று அங்கேயே வைத்தால் விதை கெடத்தான் செய்யும்.

வண்டு உங்கள் வீட்டில் மட்டும் வந்து ஏறுவதில்லை, வயலிலேயே காய்மேல் முட்டை வைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை, உள்ளே புழு தின்று வளர்ந்து வண்டாகி வெளியேறிய வழி. விதையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், தோலில் வெள்ளைப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முட்டை. அதனால் காயவைப்பதோடு முட்டையையும் கொல்ல வேண்டும். நன்றாகக் காய்ந்த விதையை மூடிய டப்பாவில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டை, புழு எல்லாம் தீர்ந்துவிடும். ஃப்ரீசர் இல்லையென்றால் கிலோவுக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டுக் கையால் பிசறுங்கள். இல்லாவிட்டால் சலித்த விறகுச் சாம்பலில் விதை மூழ்க வையுங்கள். சாம்பல் விதைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்து வண்டு நகர முடியாமல் செய்கிறது, அதன் மேல்தோலைச் சிராய்த்து உடம்பின் ஈரத்தையும் இழுத்துவிடுகிறது. துவரைக்குச் செம்மண் கட்டுவதிலும் இதே மாதிரி ஒரு காரணம் இருக்கிறது, தோலில் மண் பூசியிருந்தால் வண்டு லேசில் முட்டை ஒட்ட முடியாது. நொச்சி, வசம்பு போடுவதும் நல்லதுதான், ஆனால் நொச்சித் தழையைப் பச்சையாகப் போடாதீர்கள். அதன் ஈரம் விதைக்குப் போகும். நிழலில் காயவைத்து நொறுக்கிப் போடுங்கள்.

பரணிலிருந்து பழைய விதைப் பாக்கெட்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. தூக்கிப் போடலாமா?
– வாசகி, மதுரை

போடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஈரத் துணியில் 20 விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, பாலிதீன் பைக்குள் போட்டு வையுங்கள். வெள்ளரிக்கு நாலைந்து நாள், தக்காளிக்கு ஒரு வாரம், மிளகாய், கத்தரிக்கு இரண்டு வாரம். 12 முளைத்தால் 60 சதவீதம். மிளகாய்க்கும் கொடிக்காய்களுக்கும் விற்பனை விதையின் குறைந்தபட்ச முளைப்பே 60 சதவீதம்தான், தக்காளி, கத்தரிக்கு 70. அதனால் பாதி வந்தாலே கொஞ்சம் நெருக்கமாகத் தூவி ஒப்பேற்றிவிடலாம். நாலில் ஒன்றுக்கும் குறைவாக வந்தால், அது கிடைக்காத நாட்டு ரகமாக இருந்தால் மட்டும் அத்தனையையும் உடனே விதைத்து, வருவதைப் பிழைக்கவைத்துப் புது விதை எடுங்கள். வெங்காய விதையாக இருந்தால் ஆசை வைக்காதீர்கள். ஒரு வருஷத்தைத் தாண்டுவதே கஷ்டம்.

கத்தரியில் இன்னொரு விஷயம், எடுத்த உடனே விதைத்தாலும் வராது. ஓரிரு மாதம் விதை உறங்கும், அதைச் செத்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம்.

அக்கா, நான் வேளாண்மைப் படிப்பு மாணவன். 2,000 வருஷத்து விதை முளைத்தது என்று படித்தேன். அப்படியென்றால் ஒருமுறை சரியாகச் சேமித்தால் போதும்தானே?
– மாணவர், திருச்சி

நீ படித்தது உண்மைதான் தம்பி. இஸ்ரேலில் மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த பேரீச்சங்கொட்டையை 2005-ல் நட்டு முளைக்கவைத்தார்கள். பாலைவனத்து வறட்சிதான் அதைக் காப்பாற்றியது. அமெரிக்காவின் மிச்சிகனில் பீல் என்ற தாவரவியலாளர் 1879-ல் 20 பாட்டில்களில் களை விதைகளை மண்ணில் புதைத்தார். இத்தனை வருஷத்துக்கு ஒரு பாட்டில் என்று எடுத்துக்கொண்டே வருகிறார்கள், 2021-ல் எடுத்ததிலும் சில முளைத்தன. ஆனால் சில மட்டும்தான். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் 2008-ல் திறந்த உலக விதைப் பெட்டகமும், டெல்லியில் நம் தேசிய மரபணு வங்கியும் மைனஸ் 18 டிகிரியில்தான் விதையை வைக்கின்றன. அங்கேயும் அவ்வப்போது முளைப்புத் திறனைச் சோதித்து, குறைந்தால் விதைத்துப் புது விதை எடுப்பது வங்கிகளின் வேலை. சிரியாவில் போர் வந்து அலெப்போ விதை வங்கி கைவிட்டுப் போனபோது, ஸ்வால்பார்டில் போட்டு வைத்ததை 2015-ல் எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டிலும் அப்படித்தான்: பாதியை விதைத்தால் பாதியை வைத்திரு.

கறிவேப்பிலை, பலா, மா விதைகளையும் இப்படிக் காயவைத்துச் சேமிக்கலாமா?
– வாசகர், பண்ருட்டி

கூடாது. இவை காய்ந்தால் செத்துவிடும் ரகம், ஃப்ரிட்ஜ் குளிரும் ஆகாது. பழம் தின்ற கையோடு கழுவி நட்டுவிடுங்கள். வேப்பங்கொட்டைக்கும் சில வாரம்தான் ஆயுள்.

எடுத்த விதையைப் பிறருக்குக் கொடுப்பது சட்டப்படி தப்பா? கம்பெனிக்காரர்கள் கேஸ் போடுவார்களா?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

தப்பே இல்லை. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, பிரிவு 39-ன்படி விவசாயி தன் விளைச்சலில் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் சரி. ஒரே நிபந்தனை, அந்த ரகத்தின் பெயரைப் போட்டு பிராண்ட் பாக்கெட்டாக விற்கக்கூடாது. அதுவும் உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில்தானே 'நெல்' ஜெயராமன் 2 கிலோ பாரம்பரிய நெல் கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி இன்னும் இரண்டு பேருக்குக் கொடுக்கச் செய்தார்! ஒரு ரகம் பத்து வீட்டில் இருந்தால், ஒரு வீட்டில் வண்டு அடித்தாலும் ஒன்பது வீட்டில் கேட்டு வாங்கலாம்.

பாட்டில்மேல் என்னென்ன எழுத வேண்டும்?
– வாசகி, நாகர்கோவில்

ரகத்தின் பெயர், யாரிடம் வாங்கியது, விதை எடுத்த மாதமும் வருஷமும், கடைசியாகச் சோதித்தபோது எத்தனைக்கு எத்தனை முளைத்தது. பென்சிலால் எழுதி, சீட்டை பாட்டிலுக்கு உள்ளேயும் ஒன்று போடுங்கள். வெளியே ஒட்டியது ஃப்ரிட்ஜ் ஈரத்தில் உரிந்துவிடும், பேனா மையும் கரைந்துவிடும்.